டிரெஸ்ஸரின் இரண்டு விரல்

எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் டிரெஸ்ஸர் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நீட்டி, அதன்மேல் வைத்துப் பார்ப்பார். கரண்டி, குடை, தெர்மாமீட்டர், கருவாடு, எதுவாக இருந்தாலும் சரி. அது ஆடும், சாயும், விரல்கள் மெல்ல நகரும், ஓர் இடத்தில் நிற்கும். அந்த இடம் தெரிந்த பிறகுதான் அவருக்கு அந்தப் பொருளோடு பேச்சுவார்த்தை. என் கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பித்தளைச் செம்பைக்கூட மணவறை முன்னால் நின்று அப்படிப் பார்த்துவிட்டுத்தான் என் கையில் கொடுத்தார். "அடி கனம். சாயாது" என்றார். வாழ்த்து அவ்வளவுதான்.

எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அவர் டிரெஸ்ஸராக, மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிற ஆளாக, வந்தது மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்து சண்டை போட்ட அவசரகாலத்தில். ரந்தா டவுனிலிருந்து செம்மண் ரோட்டில் உள்ளே வந்தால் எங்கள் தோட்டம். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த தொழிலாளர் லயங்களை ஒரே இடத்தில் கூட்டி, சுற்றிலும் முள்கம்பி அடித்து, வாசலில் எஸ்.சி.களை நிறுத்தியிருந்தார்கள். தோட்டக் காவலுக்கு எடுத்த போலீஸ்காரர்களை அப்படித்தான் சொல்வோம். கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் வெட்டப் போகிறவர்களை ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். ஒரு பிடி அரிசி கம்பியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது காட்டுக்குள் இருக்கிறவனுக்குப் போகிற அரிசி, கொண்டுபோனவன் ஜெயிலுக்குப் போகிறவன். பக்கத்துத் தோட்டத்துக் கிராணி, குமாஸ்தா, ஒருவர் அப்படித்தான் போனார். போனவர் போனவர்தான்.

நான் ஸ்டோர் கிராணி. தோட்டத்து அரிசி மொத்தமும் என் இடுப்பில் தொங்கிய சாவியில் இருந்தது. அதனால் வாசலில் என்னைத் தடவும்போது மட்டும் எஸ்.சி.களுக்குப் பிரியம் கொஞ்சம் அதிகம்.

எனக்கு இன்னொரு உத்தியோகமும் இருந்தது. சாயங்காலமானால் வெளியே போக முடியாது, ரந்தாவில் படம் பார்க்க முடியாது. வேலிக்குள் அடைபட்ட சனத்துக்கு நான்தான் சினிமா. ஸ்டோர் படிக்கட்டில் உட்கார்ந்து துரையின் நடை, துரைசானியின் தமிழ், பெரட்டில் பேர் கூப்பிடும்போது கங்காணி விடுகிற கொட்டாவி எல்லாவற்றையும் செய்து காட்டுவேன். மாணிக்கம் கங்காணி, தன்னையே நான் நையாண்டி செய்யும்போதும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதும் லா கிராணியாரே, குடல் அறுந்துரும்" என்பார்.

டிரெஸ்ஸர் ஒரே ஒரு நாள் வந்து உட்கார்ந்தார். துரையின் நாய் குளோரோகுயின் தின்ற கதையைச் சொன்னேன். என் சரக்கிலேயே முதல் தரம் அது. சனம் படிக்கட்டில் உருண்டது. அவர் நோயாளி இருமுவதைக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "அப்புறம்?" என்றார்.

"அப்புறம் ஒண்ணுமில்ல. அவ்வளவுதான்."

"நாய்க்கு வாந்தி வந்துச்சா?"

அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த மாதமே சனம் ஸ்டோர் படிக்கட்டிலிருந்து ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு இடம் மாறியது. என்னவென்று போய்ப் பார்த்தேன், சும்மா அந்தப் பக்கம் போகிறவன் போல. மேசைமேல் ஒரு விமானத்தின் எலும்புக்கூடு கிடந்தது. தக்கை போன்ற மரத்தைச் சவரக் கத்தியால் சீவி, விலா எலும்பு மாதிரி வரிசையாக ஒட்டியிருந்தார். பக்கத்தில் ஒரு ரேடியோப் பெட்டி. முன்பு சிங்கப்பூரில் விமானப்படை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது, ஊர் திரும்பிய வெள்ளைக்காரன் ஒருவன் கொடுத்துவிட்டுப் போனதாம். பெட்டியில் ஒரு நீளக் கம்பி, ஒரே ஒரு பொத்தான். ஒரு அமுக்கு அமுக்கினால் வானத்தில் விமானம் வலப் பக்கம் திரும்பும், அடுத்த அமுக்கில் இடப் பக்கம்.

"மேல போனதைக் கீழ இருந்தே திருப்புவீங்களா ஐயா?" என்று மாணிக்கம் கங்காணி வாயைப் பிளந்தார். என் கதைக்கு அவர் வாய் அந்த அளவுக்குத் திறந்ததே இல்லை.

"இது பழகறவனுக்குன்னு செய்யற விமானம்" என்றார் டிரெஸ்ஸர். "றெக்கை மேல இருக்கு பாருங்க. கையை விட்டா தானா நேரா நிக்கும்."

"யாரு பழகப் போறது?" என்றேன்.

"நான்தான். இது வரைக்கும் ஒண்ணுகூட நான் ஓட்டினதில்ல."

இப்படி ஒளிக்காமல் பேசுகிற மனிதனை எங்கே பிடித்துக் கேலி செய்வது? இருந்தாலும் முயற்சியை விடவில்லை. விமானத்தின் சுண்டுவிரல் நீள எஞ்சினுக்கு ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் கலந்து ஊற்றினார். "பாருங்கப்பா, டிரெஸ்ஸர் விமானத்துக்கும் பேதிக்குக் குடுக்கறாரு. வானத்துல போகும்போது எல்லாரும் குடையைப் பிடிச்சுக்குங்க" என்றேன். நன்றாகத்தான் சிரித்தார்கள். ஆனால் சிரித்து முடித்ததும் எல்லாத் தலையும் மறுபடி விமானத்தின் பக்கம் திரும்பிவிட்டது.

தினமும் அதை இரண்டு விரலில் ஏற்றுவார். றெக்கைக்கு அடியில் விரல் நுனி. விமானம் மூச்சு விடுகிற மாதிரி ஆடும். "மூக்கு ஒரு நூல் இறங்கணும்" என்பார். "மூக்கு இறங்கினா விழுந்தாலும் பொழைச்சுக்கும். வாலு இறங்கினா எழும்பறப்பவே செத்துப் போகும்." பிறகு இதை மனிதர்களுக்கும் சொல்ல ஆரம்பித்தார். சம்பளத்தன்று கள்ளுக்கடையிலிருந்து வருகிறவனைப் பார்த்து, "மூக்குக் கனம்" என்பார். கங்காணி சமமாம். ஒரு நாள் என்னைக் கால்முதல் தலைவரை பார்த்துவிட்டு, "கிராணியாருக்கு வால் கனம். எப்பவும் பின்னால யாரு சிரிக்கறாங்கன்னு பார்த்துக்கிட்டே இருப்பாரு" என்றார். சனம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! நான் அத்தனை வருஷம் உழைத்துச் சேர்த்த சிரிப்பு, ஒரு வாக்கியத்தில் அந்த ஆளுக்குப் போனது. அதிலும் அவர் சிரிக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை அது நோய்க் குறிப்பு.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் விமானம்.

கல்யாணமான புதிதில் சிரம்பானுக்குப் போய் சரோஜாவுக்கு ரவிக்கைக்கென்று ரோஸ் நிறத்தில் ஒரு மெல்லிய பட்டுத் துணி வாங்கி வந்திருந்தேன். தைக்கிறேன் தைக்கிறேன் என்று பெட்டியிலேயே வைத்திருந்தாள். ஒரு நாள் பார்த்தால் டிரெஸ்ஸரின் விமானத்துக்கு ரோஸ் நிறத்தில் றெக்கை.

"எம் பொண்டாட்டி ரவிக்கை என்னத்துக்கு அந்த ஆளு விமானத்து மேல இருக்கு?"

"சத்தம் போடாதீங்க. அண்ணன் காகிதம் ஒட்டினாரு, இந்த மழையில அது ஊறிப் போகுது. பட்டுன்னா நிக்குமாம். நான்தான் தைச்சேன். ஒரு சுருக்கம் இருக்கா பாருங்க."

"எனக்குத் தைச்ச சட்டையில பொத்தான் இன்னும் வரல."

"உங்க சட்டை பறக்கவா போகுது?"

அண்ணன் என்றுதான் சொன்னாள். அந்தச் சொல் வந்த பிறகு ஆண்பிள்ளை நிம்மதியாகத் தூங்க வேண்டும். நான் கூரைத் தகரத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். அண்ணனாக இருந்தால் என்ன, அவள் கண் அகலமாகிறது அல்லவா? என் நாய்க் கதைக்கு அவள் கண் அகலமானதே கிடையாது.

துரைக்கும் பைத்தியம் பிடித்தது. போலீசில் பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலிக்குள் இருக்கிற பந்துத் திடலில் பறக்கவிட அனுமதி வாங்கினார். ரேடியோ என்ற வார்த்தையே போலீசுக்குக் கசக்கிற காலம். அதனால் மலாய்க்கார சார்ஜன் ஒருவர் காவலுக்கு வந்தார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். விமானம் திடலுக்குத் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் பெட்டி அவரோடு ஸ்டேஷனுக்குப் போகும், திரும்பாது. டிரெஸ்ஸருக்கு அன்றைக்கு அந்தப் பெட்டிதான் உயிர்.

எனக்கு என்ன ஆசை இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நல்லபடியாக, யாருக்கும் காயமில்லாமல், எல்லாரும் பார்க்க, மூக்குக் குத்தி விழ வேண்டும். அதற்கு ஒரு நகைச்சுவைகூடத் தயாராக வைத்திருந்தேன்.

தோட்டத்திலேயே உயரமான ஆள் என்பதால் விமானத்தைத் தலைக்குமேல் பிடித்துக் காற்றுக்கு எதிராக எறிகிற வேலை எனக்கு. என்னை அதற்குக் கேட்டது சரோஜா. அவர் கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன்.

திடல் நிறைய சனம். சார்ஜன் விமானத்தைச் சுற்றி வந்து பார்த்தார், தட்டினார், தலையாட்டினார். பிறகு அவர் வழக்கமாகச் சொல்வதை எல்லாருக்கும் கேட்கும்படி மலாயில் சொன்னார். கம்பிக்கு வெளியே ஒரு அரிசிகூடப் போகக் கூடாது, போனால் யார் எவர் என்று பார்க்க மாட்டேன். எப்போதும் சொல்வதுதான். யாரும் காதில் வாங்கவில்லை, சரோஜாவைத் தவிர. அவள் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

டிரெஸ்ஸர் எஞ்சினைச் சுண்டினார். அது அலறியது. நான் விமானத்தைத் தூக்கிப் பிடித்தேன். அவர் பெட்டி பக்கம் ஓடினார். சரோஜா என் பக்கம் ஓடி வந்தாள்.

"என்னங்க... மூக்குக்குள்ள..."

"என்னா?"

"மூக்குக்குள்ள அரிசி!"

முந்தின நாள் சாயங்காலம் விமானத்துக்குள் பாட்டரியை மாற்றிக் கட்டியதில் வால் கனத்துவிட்டதாம். நான் ஆபீசில் இருந்திருக்கிறேன். மூக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கனம் சேர்க்க வேண்டும். மணல் எடுக்கலாமென்றால் வெளியே மழை. ஈர மணல் காய்ந்தால் கனம் மாறிவிடும் என்றிருக்கிறார். உடனே சரோஜா மிச்சத் துணியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பை தைத்து, எங்கள் வீட்டுப் பானையிலிருந்து அரிசியைக் கிள்ளிக் கிள்ளிப் போட, அவர் விரலில் வைத்துப் பார்க்க, "இன்னும் நாலு அரிசி... போதும்" என்று முடித்திருக்கிறார்கள். அரிசி என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவர் கண்ணுக்கு அது அரிசியாகத் தெரியவில்லை, கனமாகத்தான் தெரிந்தது. அவர் அப்படித்தான்.

இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்தது இது: ஸ்டோர் கிராணி வீட்டு அரிசி, ஸ்டோர் கிராணி கையில், பறக்கிற விமானத்துக்குள். டிரெஸ்ஸர் கையசைத்தார். எறிந்தேன் என்று நான் சொல்லிக்கொள்வது மரியாதைக்கு. கையிலிருந்து நழுவிவிட்டது.

"அருமை கிராணியாரே!" என்று டிரெஸ்ஸர் கத்தினார். வாழ்க்கையில் என்னை அவர் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

விமானம் ஏறியது. சனம் ஊவென்று கத்தியது. ரோஸ் றெக்கை வெயிலில் என் மனைவியின் ரவிக்கை மாதிரியே இருந்தது. அவர் பொத்தானை அமுக்கினார். அது திரும்பவில்லை. மறுபடி அமுக்கினார். உள்ளே எங்கோ சிக்கிக்கொண்டது. நேராகப் போனது, கம்பி வேலியைத் தாண்டியது, கித்தா மரங்களுக்கு மேல் போனது. எஞ்சின் நின்றது. சத்தமில்லாமல் மரங்களுக்குள் இறங்கிவிட்டது.

நான் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தேன்.

வாசலில் எஸ்.சி. என்னைத் தடவக் கையை நீட்டியபோது அந்தக் கைக்குக் கீழே புகுந்து போய்விட்டேன். பிறகுதான் உறைத்தது. பின்னால் போலீஸ் துப்பாக்கி. முன்னால், இருந்தால், காட்டுக்காரன் துப்பாக்கி. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டேன். "கிராணி! கிராணி! சுடாதே! ஜாங்கான் தெம்பாக்! நோ ஷூட்!" என்று எந்தப் பக்கத்துக்கு எந்தப் பாஷை என்று தெரியாமல் மூன்றையும் கலந்து கத்தியபடி கித்தா நிரைக்குள் ஓடினேன். பின்னால் திடலிலிருந்து சிரிப்புச் சத்தம். அவ்வளவு பெரிய சிரிப்பை நான் அதற்கு முன் வாங்கியதில்லை. அனுபவிக்க நேரமில்லை.

விமானம் தாழ்ந்த ஒரு மரக் கவட்டையில், கண்ணாடி பார்க்கிற பெண்பிள்ளை மாதிரி மூக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு கீறல் இல்லை. மூக்கிலிருந்த பிளாஸ்திரியைப் பிய்த்தேன். பை கையில் வந்தது. காய்ந்த சருகில் சார்ஜனின் பூட்ஸ் சத்தம். அரிசியைக் கீழே கொட்டினால் சருகின்மேல் வெள்ளையாகத் தெரியும். சட்டைப் பையில் போட்டால் வாசலில் தடவுவார்கள். இருக்கிற ஒரே இடம் வாய்.

மொத்தத்தையும் கொட்டிக்கொண்டேன், துணியையும் சேர்த்து. எங்கள் ஸ்டோர் அரிசியில் இவ்வளவு கல் இருக்கிறது என்று சனம் வருஷக்கணக்கில் புகார் சொன்னது. அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டேன்.

"என்ன சாப்பிடுகிறாய்?" என்று மலாயில் கேட்டார் சார்ஜன். பச்சரிசியை அவ்வளவு சீக்கிரம் விழுங்கவும் முடியாது. கன்னத்தைத் தொட்டுக் காட்டி முனகினேன். "பல் வலியா?" என்றார். கண்ணில் தானாகவே தண்ணீர் வந்து ஆமோதித்தது. நல்ல மனிதர். என் தோளைப் பிடித்து, விமானத்தோடு என்னையும் நேராக டிரெஸ்ஸரிடம் கொண்டுபோய் நிறுத்தினார். பல்லைப் பார் என்றார்.

டிரெஸ்ஸர் என் தாடையைப் பிடித்தார், அதையும் ஒரு தடவை இப்படி அப்படி ஆட்டிப் பார்த்து. பிறகு என் வாயைத் திறந்தார். உள்ளே பார்த்தார். அரிசி, அதற்கு நடுவே ரோஸ் பட்டின் ஓரம்.

அவர் முகத்தில் எதுவும் அசையவில்லை. கழுத்தில் மட்டும் ஒரு நரம்பு துடித்தது. என் வாயை மூடினார்.

"பெரிய வீக்கம்" என்றார் மலாயில், சார்ஜனுக்கு. பிறகு தமிழில், எல்லாருக்கும் கேட்க: "கிராணியார் இன்னும் கால் மணி நேரம் வாயே திறக்கக் கூடாது."

"அடேயப்பா, கிராணியார் வாயை மூட ஒரு டிரெஸ்ஸர் வந்தாரு லா!" என்றார் மாணிக்கம் கங்காணி. திடலே குலுங்கியது. பதில் சொல்ல ஏழெட்டு நல்ல வரிகள் என் நாக்கில் இருந்தன. நாக்கின்மேல் அரிசி இருந்தது.

சார்ஜன் பெட்டிமேல் கை வைத்தார். விமானம் திரும்பி வரவில்லை, நிபந்தனை நிபந்தனைதான். துரை குறுக்கே வந்து, இன்னும் ஒரு தடவை, ஒரே தடவை என்று கெஞ்சினார். சார்ஜன் கடிகாரத்தைப் பார்த்து, சரி, கடைசி என்றார். டிரெஸ்ஸர் சிக்கலை எடுத்துவிட்டு, வேறு எதையும் செய்யுமுன் விமானத்தை இரண்டு விரலில் ஏற்றினார். வால் தொப்பென்று இறங்கியது. அவர் என் கன்னத்தைப் பார்த்தார். நான் கூரை இல்லாத இடத்தில் கூரையைப் பார்த்தேன். மூக்குக்கு உடனே கனம் வேண்டும்.

அவர் புல்லில் எதையோ தேடக் குனிந்தார். அதற்குள் சரோஜா குனிந்துவிட்டாள். கால் விரலில் கை போனது. மெட்டியைக் கழற்றுகிறாள்!

நான் போட்ட மெட்டி. அந்த ஆள் விமானத்துக்கு.

வாயைத் திறக்க முடியாது. "உம்! உம்ம்!" என்று உறுமிக்கொண்டு பாய்ந்து இடுப்பிலிருந்ததை அவிழ்த்து அவர் கையில் திணித்தேன். கனமான பித்தளைச் சாவி. அதை மூக்கில் வைத்துப் பிளாஸ்திரி சுற்றி விரலில் ஏற்றினார். விமானம் ஆடியது, நின்றது. மூக்கு ஒரு நூல் இறங்கியது. "கச்சிதம்" என்றார். சமனாகிவிட்டால் அவருக்கு உலகத்தில் வேறு கேள்வி கிடையாது.

எறிந்தேன். இந்தத் தடவை உண்மையாகவே எறிந்தேன். அது என் கையை விட்டுப் போன பிறகுதான் இரண்டு விஷயம் தோன்றியது. ஒன்று, டிரெஸ்ஸர் குனிந்தது கல் பொறுக்க. திடல் முழுக்கக் கல் கிடந்தது. இரண்டு, வானத்தில் போவது அரிசி ஸ்டோர் சாவி. ஒரு பிடி அரிசிக்குப் பயந்தவன், இப்போது தோட்டத்து மொத்த அரிசியின் சாவியையும் றெக்கை கட்டிப் பறக்கவிட்டிருக்கிறேன்.

வெறுமையான இடுப்பைத் தடவிக்கொண்டு டிரெஸ்ஸரைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் என் இடுப்பைப் பார்த்தார். மூக்கிலிருப்பது என்ன சாவி என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. என் கன்னத்தைப் பார்த்தார். மறுபடி இடுப்பைப் பார்த்தார்.

முதலில் அவர் தோள் குலுங்கியது. உதட்டைக் கடித்தார், கண் மூடிக்கொண்டது. வெளியே சத்தம் வராத சிரிப்பு, கைக்கு இறங்கி, பொத்தானில் இருந்த கட்டைவிரலுக்குப் போய்விட்டது. வானத்தில் விமானம் வலப் பக்கம் வெட்டியது, இடப் பக்கம் வெட்டியது, வலம், இடம், வலம். அங்கே மேலே அது குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் வேலிப் பக்கம் ஒதுங்கியது. என் உயிரும் அதோடு ஒதுங்கியது.

"காத்து அடிக்குது!" என்றார் துரை.

"வித்தை காட்டறாரு ஐயா!" என்றார் கங்காணி.

சரோஜாவின் கண் அகலமாகியிருந்தது.

எனக்கு மட்டும்தான் தெரியும், அது என் நகைச்சுவை என்று. அந்த மனிதனை நான் சிரிக்க வைத்துவிட்டேன். வானத்தையே சிரிக்க வைத்துவிட்டேன். கைதட்டல் மட்டும் அவருக்கு. எஞ்சின் நின்ற பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரே ஒரு அமுக்கில் அதை வளைத்துக் கொண்டுவந்து சரோஜாவின் காலடிப் புல்லில் இறக்கினார். சார்ஜன் பெட்டியிலிருந்து கையை எடுத்து, அவருக்குக் கை கொடுத்தார்.

சாவியைப் பிய்த்து என்னிடம் கொடுக்கும்போது காதில், "இப்ப துப்பலாம், ஆஸ்பத்திரிக்குப் பின்னால" என்றார். "அப்புறம்?" என்று கேட்கவில்லை.

அவர் கோலா கிளாவாங் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாறிப் போகும்வரை, என்னைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அவர் கழுத்தில் அந்த நரம்பு துடிக்கும். வேலி இருந்தவரை அதை யாருக்கும் சொல்ல முடியவில்லை, என் ஆயுளில் செய்த மிகச் சிறந்த நகைச்சுவையை.

இப்போது வேலி இல்லை. நாங்கள் சிரம்பான் பக்கத்து ராசாவுக்குக் குடிவந்துவிட்டோம். கல்யாண வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லுகிறேன். மூன்று பாஷையில் ஓடியதைச் செய்து காட்டுகிறேன், அரிசி அடைத்த கன்னத்தை ஊதிக் காட்டுகிறேன். கேட்கிறவர்கள் கொஞ்சம் சிரித்துவிட்டு, "அந்த விமானம் இன்னும் இருக்கா? அந்த டிரெஸ்ஸர் இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்கிறார்கள். உடனே சரோஜா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு விரலை நீட்டி, "அண்ணன் இப்படித்தான் வைச்சுப் பார்ப்பாரு" என்று ஆரம்பித்துவிடுவாள். எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பும்.

நான் வாயை மூடிக்கொள்வேன். அவர் சொன்ன கால் மணி நேரம் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது.